கூடப்பிறந்த கொழுப்பு

ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது என்னோடது இல்லை டாக்டர், ஆள் மாறிப்போச்சு" என்றார் விஜயராஜ்.

டாக்டர் ஜெயப்பிரியா சீட்டை வாங்கி, பெயரையும் வயதையும் வாசித்துக் காட்டினார். விஜயராஜ், நாற்பத்திரண்டு. ஆள் மாறவில்லை.

விஜயராஜ் ஒல்லியான மனிதர். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர். பீடி, சிகரெட் கிடையாது. ஆட்டுக்கறி தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்தான். ஆபீசில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்த அன்று, வரிசையில் நின்ற குண்டு ஆட்களைப் பார்த்து, 'இவிய பாடு கஷ்டந்தான்' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டவர். அவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. இவருக்குக் கெட்ட கொழுப்பு மட்டும் இருநூற்றுப் பதினாலு.

"நூறுக்குள்ள இருந்தா நல்லது. இந்த அளவுக்குப் போச்சுன்னா சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. உங்க அப்பா எப்படி இறந்தாங்க?"

உளுந்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை என்றார் விஜயராஜ். அப்போது அப்பாவுக்கு நாற்பத்தாறு வயது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இது பரம்பரையாக வருகிற கொழுப்பு போலத் தெரிகிறது, ஒல்லி குண்டு பார்க்காது, வெளியே ஒன்றும் காட்டாது என்றார். பொரித்ததைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அது மட்டும் போதாது, மாத்திரையையும் விடாமல் போட வேண்டும்.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"அவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை டாக்டர்."

"கொழுப்புக்கு அது தெரியாதே" என்றார் டாக்டர்.

அண்ணன் பூவனலிங்கம் பசுவந்தனையில் இருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கரிசல் காட்டை இரண்டாகப் பிரித்தார்கள். அண்ணன் டிராக்டர் விட்டு உழுததில் நடு வரப்பு ஒரு முழம் தன் பங்குக்குள் வந்துவிட்டது என்று விஜயராஜ் சண்டைக்குப் போனார். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் முடிந்தது. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. அண்ணன் நம்பரை போனில் பிளாக் செய்து வைத்திருந்தார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே மனைவி பிரேமலதா சொன்னாள், மதினி முகத்துக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று.

"அவனுக்கு வந்தா அவன் பாத்துக்கிடுவான்" என்றார் விஜயராஜ்.

"வரப்பு வேற, உசுரு வேற" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூன்று வாரம் ஓடியது. விஜயராஜ் மாத்திரை போட்டார். ஆபீசில் நாலு மணிக்கு வருகிற வடையைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டார். விடிந்ததும் பைபாஸ் பக்கம் நடந்தார். நடக்கும்போது ஒரே கணக்குதான் மனசில் ஓடியது. அப்பா போனது நாற்பத்தாறில். அண்ணனுக்கு இப்போது நாற்பத்தேழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பசுவந்தனை பஸ்ஸில் ஏறினார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் தேடிப்போய்ச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்று தோன்றியது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

வீட்டுக்கு முன்னால் அண்ணன் மிளகாய் வத்தலைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கை நின்றது.

"வா" என்றார்.

மதினி நாற்காலியை எடுத்துப் போட்டாள். விஜயராஜ் உட்காரவில்லை.

"நான் சண்டைக்கு வரலை. நடந்ததையெல்லாம் மனசுல வச்சிருந்தா இங்கன வந்திருக்கவே மாட்டேன். உங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார்.

அண்ணன் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். எட்டப் பிடித்துப் பார்த்தார். மேலே இருந்த வரிகளையெல்லாம் விட்டுவிட்டு, விரல் நேராகக் கெட்ட கொழுப்பு வரிக்குப் போனது.

"மாத்திரை குடுத்திருக்காவளா?"

"ஆமா."

"ராத்திரி சாப்பிட்டுப் போடுததுதானே? கொறஞ்சிட்டுன்னு பாதியில விட்டுராத. பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்திரு."

விஜயராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சில் அடுத்து அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சீட்டை மடித்துத் தம்பி கையில் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால எனக்கு இருநூத்தி நாப்பது இருந்துச்சு. தம்பிக்கும் பாக்கச் சொல்லுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கே சீட்டைத் தூக்கிக்கிட்டு கோவில்பட்டிக்கு வந்து உன் வீட்டு வாசல்ல நின்னேன்லே. உம் மவ வந்து, அப்பா ஊர்ல இல்லைன்னு சொன்னா. நீ உள்ள இருந்து அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது வாசல் வரைக்கும் கேட்டுச்சு."