எடை மெஷினில் மெக்கானிக்

"நாலு கிலோ ஏறியிருக்கு" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்த்தது.

எடை மெஷின் மேல் மெக்கானிக் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். காக்கிச் சட்டை, உப்பிப்போன பாக்கெட்டுகள்.

"அவ்வளவும் தண்ணி. குடத்தோட குடிச்சீங்களா?"

"குடம் சின்னது சிஸ்டர்."

"தண்ணி டேங்க்குன்னு சும்மாவா பேர் வச்சோம்?" என்றார் ஜன்னலோரப் படுக்கைக்காரர். வார்டு சிரித்தது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன், இவர் பக்கத்திலா நமக்குப் படுக்கை கிடைக்கணும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் வந்த புதிதில் இந்த அர்ச்சனையெல்லாம் அவளுக்குத்தான். வார்டு வழக்கம் அப்படி. வந்ததும் எல்லார் முன்னாலும் எடை. யாருக்கு அதிகம் ஏறியிருக்கிறதோ அவருக்கு டோஸ். சிஸ்டர் பக்கம் நியாயம் இருந்தது. கிட்னி போனவர் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே நிற்கும், அந்தச் சுமை இதயத்தின் தலையில்தான் விழும்.

நியாயம் புரிந்து என்ன? ஆயுசு முழுக்கப் பிள்ளைகளை நிற்க வைத்துத் திட்டினவளுக்கு, நின்று திட்டு வாங்க வரவில்லை. ஒருநாள் படுக்கையிலேயே புருஷனிடம் அழுதுவிட்டாள்.

"இனிமே நான் வரமாட்டேங்க. செத்தாலும் பரவாயில்ல."

அடுத்த தடவை அவர்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தார். அன்றைக்கு மெக்கானிக் எடையில் அவளை முந்திவிட்டார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அவரேதான்.

அப்பாடா, நம்மைவிட மோசமா ஒருத்தர் இருக்கார். டீச்சருக்கு உயிர் வந்தது. இந்த ஆள் மாதிரி ஆகக்கூடாது என்ற வீம்பில் சின்ன டம்ளரில் அளந்து அளந்து குடிக்க ஆரம்பித்தாள்.

இன்றைக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார்.

"டீச்சர், உங்க இதய ஹார்மோன் நல்லா இறங்கியிருக்கு."

"அது என்ன டாக்டர்?"

"உடம்புல தண்ணி கூடிப்போனா இதயம் இழுபடும். இழுபட்டா இந்த ஹார்மோனைச் சுரக்கும். என்னால முடியலடான்னு அது கத்தற மாதிரி. கிட்னி கெட்டவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் அதிகம்தான். உங்களுக்குப் பாதியா குறைஞ்சிருக்கு. இப்படியே போங்க, பயமில்ல."

டீச்சருக்கு மெத்தையிலிருந்து எழும்பி மிதக்கிற மாதிரி இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"இவருக்கு எவ்வளவு டாக்டர்? எகிறியிருக்குமே."

மெக்கானிக் ரத்தம் ஓடும் குழாயோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"இவருக்கா? இந்த வார்டுலயே இவருக்குத்தான் கம்மி."

"என்ன டாக்டர், ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ ஏத்திக்கிட்டு வர்றவருக்கா?"

"எடையை ஏமாத்தலாம் டீச்சர். இதயத்தை ஏமாத்த முடியாது." டாக்டர் சிஸ்டரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

சிஸ்டர் ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து டீச்சர் மடியில் வைத்தாள். மடி அழுந்தியது. உள்ளே இரும்பு கலகலத்தது. பாக்கெட் பாக்கெட்டாக ஸ்பேனர்.

"நீங்க வரமாட்டேன்னு அழுதீங்கல்ல, அது இவர் காதுல விழுந்திருக்கு. மொதல் தடவை நானே ஏமாந்து திட்டிட்டேன். டயாலிசிஸ் மெஷின்ல போடறதுக்கு முன்னாடி வந்து விஷயத்தைக் காதோட சொன்னாரு. இப்பல்லாம் சட்டையைக் கழட்டச் சொல்லி அப்புறமா ஒருதடவை தனியா எடை பார்த்துக்கறேன்."

"எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். யாராவது ஒருத்தர் கடைசியா நின்னுதானே ஆகணும், எனக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்தே பழக்கம் சிஸ்டர்ங்கறாரு."

டீச்சர் மெக்கானிக்கைப் பார்த்தாள். உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே படுத்திருந்தும் அதைக் கவனித்ததில்லை.

அடுத்த தடவை வந்தபோது வார்டு வாசலில் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் அவள் அம்மா கையை உதறிக்கொண்டிருந்தாள். "உள்ள வரமாட்டேம்மா. எல்லார் முன்னாடியும் கத்துவாங்க."

மெக்கானிக் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாக்கெட்டைத் தடவியபடி எடை மெஷினை நோக்கி நடந்தார்.

டீச்சர் குறுக்கே போய் நின்று, தன் ஸ்வெட்டர் பாக்கெட்டை விரித்துப் பிடித்தாள்.

"அந்தப் பெரிய ஸ்பேனரை எல்லாம் இதுல போடுங்கண்ணே. இன்னிக்கு நான் திட்டு வாங்கறேன்."