பீரோ மேல் இருக்கும் ஷூ

"நான்தான்பா, உங்க சின்னவன். இருபத்தி நாலு வயசு. இப்ப ஷூ கம்பெனி குடோன்ல, அட்டைப்பெட்டிக்கு நடுவுல நிக்கிறேன்."

போனிடம் அவன் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பான். அவன் பேசப் பேச அது எழுதும். அப்பாவுக்குக் காது மந்தம். எழுத்தென்றால் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துவிடுவார். போலீஸில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரியே பேசுகிறான் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

இன்று அதோடு நிறுத்தி, அக்கா அனுப்பியதை மறுபடி திறந்தான்.

காலையில் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அப்பா வாட்ச்மேன் டூட்டிக்குக் கிளம்பி நிற்கிறார். காலில் அதே ரப்பர் செருப்பு, அறுந்த வாரில் ஊக்கு. பின்னால் பீரோ மேல், ஏழு மாதத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து அவன் அனுப்பிய ஷூ பெட்டி. தூசி படாமல் பாலித்தீன் சுற்றி, கயிறு கட்டி.

அப்பா சொன்னதையும் அக்கா கீழே எழுதியிருந்தாள்: "மாப்பிள்ளை போடுற ஷூவை வாட்ச்மேனுக்கு அனுப்பியிருக்கான், கிறுக்கன். அவன் வந்து இறங்கட்டும். அன்னைக்கு மாட்டிக்கிட்டுத்தான் கூட்டிட்டு வரப் போவேன்."

மாப்பிள்ளை ஷூதான். வெண்ணெய் நிறம். மேல்பக்கம் அன்னாசி இலை நாரில் செய்தது, அடிப்பக்கம் கடல்பாசி. தோலும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. பெரிய கடைகளில் விளக்குப் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள். ஒரு தையல் கோணிப்போனதால் அவன் கைக்கு வந்தது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு வைப்பதுதான் அவன் வேலை. ஒரு நாளைக்கு நானூறு சீட்டு. எழுதியிருப்பது அவனுக்கு மனப்பாடம். இந்த ஷூ பூமிக்குப் பாரமாகாது, மண்ணோடு மண்ணாகிவிடும். போட்டு நடந்தால் நாள்பட உழைக்கும். காற்றுப் படாமல் மூடி வைத்தால் இரண்டே வருஷத்தில் அடி உதிர்ந்துவிடும்.

அப்பாவுக்கு இந்த நாட்டு மொழி தெரியாது. சீட்டையும் பத்திரமாக உள்ளேயே வைத்துக் கட்டியிருப்பார்.

வைத்தால் கெட்டுப்போகும் என்று சொல்லிவிடலாம். ஒரு வரிதான்.

ரெண்டு வருஷத்துக்குள்ளதான் நீ வந்துடுவியே என்பார். சிரிப்பார். இன்னொரு சுற்றுக் கயிறு கட்டுவார்.

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். நேற்று வந்த கடிதம் நான்காய் மடித்தபடி இருந்தது. இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. காகிதம் வர ஐந்து வருஷமாவது ஆகும்.

அதை வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

வாசலில் லாரி வந்து நின்றது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"இதை யார் முதல்ல படிச்சாலும் சரி. அந்தப் பெட்டியை இறக்கி, கயித்த அறுத்து, அப்பா கால்ல ஷூவை மாட்டி விட்டுடுங்க. இன்னைக்கே."