ஏழாவது குண்டு

ஏழாவது குண்டும் ஏரியில்தான் விழுந்தது.

சூட்டைத் தேடிப் போய்த் தாக்க வேண்டிய குண்டு. எதிரிக் கப்பலுக்குப் பதிலாக ஏரி நடுவே ஒரு தெப்பத்தில் தீ மூட்டி வைத்திருந்தோம். விமானத்திலிருந்து விழுந்த சனியன் அந்தத் தீயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில், குண்டின் மூக்கிலிருக்கும், சூட்டை உணரும் கண்ணைச் செய்த நிரசாவாவைப் படகிலேயே பிடித்துக்கொண்டேன்.

"கண்ணுல குறை இல்லைங்க. தீதான் பத்தலை. விறகைக் கொஞ்சம் பாருங்க," என்றான், ஏழாவது முறையாக.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! வாயை மூடுய்யா."

டோக்கியோ அதிகாரிகள் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவன் தலை உருள வேண்டும். சோதனைக்குப் பொறுப்பாளனான நான், 'கோளாறு கண்ணில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண் செய்யத் தெரியாதவன் துப்பாக்கி பிடிக்கட்டும் என்று அங்கேயே உத்தரவாகிவிட்டது. அன்று மாலையே ஆறு மணி ரயில், அப்புறம் கப்பல், பிலிப்பைன்ஸ் போர்முனை. போனவர்கள் யாரும் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது யாரென்றே தெரியாது அவனுக்கு.

விடுதிக்கு வந்ததும் நேரே குளியல் தொட்டியில் இறங்கினேன். நவம்பர் மாத ஏரிக்காற்று எலும்பு வரை ஏறியிருந்தது.

வந்த முதல் நாளே, எங்கள் சாமான்களுக்குப் பொறுப்பான கார்ப்பரல் கூசேயிடம் கத்தியிருந்தேன். தினமும் கழுத்தளவு வெந்நீர் வேண்டும், எப்படிச் செய்வாயோ எனக்குத் தெரியாது என்று. பாவம், ஒருநாள்கூடத் தவறவிடவில்லை அந்த மனிதன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பருகே உட்கார்ந்திருந்த விடுதிக்காரி இசோ குரல் கொடுத்தாள்.

"சூடு போதுமாங்க?"

"அப்பாடா! இந்த ஊர்ல இது ஒண்ணுதான் உருப்படியா நடக்குது. பள்ளிக்கூடத்து பெஞ்சையே உடைச்சு எரிக்கிறாங்க, உனக்கு மட்டும் எங்கேம்மா விறகு கிடைக்குது?"

"நான் எங்கே போவேன்? கார்ப்பரல்தான் தினம் தெப்பத்துல இருந்து கொண்டாந்து போடுறாரு. காஞ்ச கட்டை இங்கே, ஈரக்கட்டை அங்கே. எல்லாம் உங்க வேலைக்குன்னு வந்த விறகுதானேங்க!" என்று சிரித்தாள்.

சட்டென்று எழுந்து நின்றேன். குளிர் முதுகில் அறைந்தது.

ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் பத்து நிமிட நடை. அதிகாரிகளும் அதே ரயிலில்தான் போகிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். வாய்க்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு கட்டை போடட்டுங்களா?"

மறுபடி உட்கார்ந்தேன், கழுத்துவரை.

"போடும்மா," என்றேன்.