மாட்டுக்குத் துக்கம் கிடையாது

"அவ புருஷன் செத்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தொழிலாளர் புகார்களைச் சமரசம் பேசித் தீர்க்கும் எங்கள் அரசுத் துறையில் இதைக் கேட்டே ஆக வேண்டும். "என்கிட்ட யாருமே சொல்லலையே" என்று கையை விரிக்கும் முதலாளிகள்தான் அதிகம்.

"தெரியும். டிராக்டருக்கு அடியிலேர்ந்து அவன இழுத்துப் போட்டதே நான்தான்" என்றார் அமாரோ சில்வேரா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் பண்ணையில், இவர் டிராக்டர் கவிழ்ந்து துவார்த்தே என்று ஒருவன் செத்திருக்கிறான். அவன் மனைவி அதே பண்ணையில் பால் கறக்கிறவள். அவளுக்குத் துக்க விடுப்பும் கொடுக்காமல், சர்ச்சில் அவனுக்கு வைத்த ஏழாம் நாள் பூசைக்குப் போனாள் என்று வேலையை விட்டே துரத்தியிருக்கிறார்.

புகார் கொடுத்த அந்தப் பெண், இதலீனா சில்வேரா, கறுப்பு உடையில் எதிரே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் மாடு வளர்க்கும் எங்கள் துலாரே பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு சில்வேராவின் தலையில்தான் விழும். நானே ஒரு சில்வேராவுக்கு வாக்கப்பட்டவள்.

"அஞ்சு நாள் லீவு குடுக்கணும்னு சட்டம் இருக்கு. இங்க சமரசத்துக்கு வரலைன்னா துறை உங்கள கோர்ட்டுக்கு இழுக்கும், தெரியுமில்ல?"

"மாடு எழவு பாக்குமாம்மா? மடி கனத்தா கத்தும். பூசைக்கு மணி அடிச்சப்போ நான் கொட்டாயிலதான் நின்னேன்."

"நிப்பீங்க, நிப்பீங்க. உங்க வீட்ல எழவு விழுந்தாத்தான் தெரியும்."

சமரசம் பேசி வைக்கிறவள் வாயில் வரக்கூடாத வார்த்தை. வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவ புருஷனுக்கு அஞ்சு நாள்னு போட்டிருக்கு. சரி, குடுத்துடுறேன். வேலைக்கும் வரட்டும். என் மவனுக்கு எத்தன நாளும்மா?"

ஐயோ, என் வாய் வெந்து போகட்டும்.

சட்டம் வேலை செய்கிறவர்களுக்குத்தான். முதலாளிக்கு லீவு கொடுக்க மேலே ஆள் கிடையாது.

சமரச ஒப்பந்தத்தை இதலீனாவின் பக்கம் நகர்த்தினேன். எந்த நாட்கள் வேண்டும் என்று கேட்டேன்.

அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"அந்த அஞ்சு நாள மாமா எடுத்துக்கட்டும். நான் கறந்துக்கிறேன். துவார்த்தே போனதிலேர்ந்து இவர் இன்னும் அழவே இல்ல."

"நேரமாச்சு, மாடு காத்திருக்கும்" என்று அமாரோ எழுந்தார். எழுந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வாய்விட்டு அழத் தொடங்கினார்.

இதலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கறவைக்குக் கிளம்பினாள்.