செந்தமிழின் காது

"ஒரு வீட்டுக்காகத் திருவிழாவை நிறுத்த முடியாதும்மா."

இதைச் சொல்லும்போது பக்தவச்சலம் பாக்கியலட்சுமியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் கூழ் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் அவர். அவள் புருஷனின் கூடப் பிறந்த அண்ணன். மனை பாகம் பிரித்ததில் மனஸ்தாபம் வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. மகளுக்காக அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நிறுத்த வேணாம் மாமா. எங்க வாசல்ல கட்டியிருக்கிற ஸ்பீக்கரை மட்டும் இன்னைக்கு ஒரு நாளைக்கு..."

"உன் பொண்ணுக்கு வேலைன்னா அம்மனுக்குப் பாட்டுப் போடக் கூடாதா?"

ஊரே கேட்கிற மாதிரிதான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மகள் செந்தமிழ் பிசிக்ஸ் படித்தவள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ராஜாங்கத்தின் மகள், விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். பாக்கி இருந்தது உடம்புப் பரிசோதனைதான். கண், நிறம் பிரித்துப் பார்ப்பது, இதயம், ரத்தம் எல்லாம் சரியாக வந்துவிட்டன. காதில்தான் சிக்கல். மூடிய அறையில் ஹெட்போன் மாட்டி, சன்னமாக 'கீ' என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். சில ஒலிகள் அவளுக்குக் கேட்கவே இல்லை.

"சமீபத்துல பெரிய சத்தத்துல இருந்தியாம்மா?" என்று கேட்டார் டாக்டர். ஊரில் ஆடித் திருவிழா, வீட்டு வாசலிலேயே ஸ்பீக்கர் என்று சொன்னாள். ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார். அதற்குள் காதுக்கு ஓய்வு வேண்டும். மறுபடியும் இப்படியே வந்தால் தகுதியில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்றார்.

கூடப் போயிருந்த பாக்கியலட்சுமிக்கு, அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. "பைலட் ஒண்ணு சொல்லி உங்க பொண்ணு காதுல வேற ஒண்ணு விழுந்தா, மேல இருக்கிற அத்தனை பேர் உயிரும் போயிடும்மா."

அவள் பெற்றுக் குளிப்பாட்டிய பிள்ளை. அந்தச் சின்னக் காதை நம்பியா அவ்வளவு பேர் பறக்கப்போகிறார்கள்? அன்று பஸ்ஸில் வரும்போது உப்பளத்துக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. அது மறைகிறவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிளியனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மகளை அனுப்பலாம் என்று பார்த்தாள். அங்கேயும் அதே நாளில் திருவிழா. ஆடி மாசத்தில் எந்த ஊரில் சத்தம் இல்லை? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு செந்தமிழ் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு வந்தபோது சுவரே அதிர்ந்தது. விடிந்தால் பரிசோதனை.

கூழ் ஊற்றி முடிக்கவில்லை. திடீரென்று பாட்டு நின்றது.

சவுண்டு செட்டுக்காரன், பாவாடை என்று பேர், ஒயரை இழுத்தான், ஆம்ப்ளிஃபயரைத் தட்டினான். எரிந்துவிட்டது என்று கையை விரித்தான். ஜனங்களுக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு நல்ல செட் பிடிக்கத் துப்பில்லாதவன் எல்லாம் தலைவனா என்று பக்தவச்சலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வானூரிலிருந்து வேறு செட் கொண்டுவரலாம் என்றார்கள் சிலர். இந்த மாசத்தில் எந்தக் கடையிலும் செட் சும்மா இருக்காது என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மிச்சத் திட்டையும் வாங்கிக்கொண்டார் அவர். பாக்கியலட்சுமிக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்று முழுக்க அந்தத் தெருவில் கடல் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். மகள் அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் செந்தமிழ் ஒரு ஒலியைக்கூட விடவில்லை.

சீக்கிரமே பயிற்சிக்கு வடக்கே போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு அறையில், ஜன்னல் மாதிரி பெரிய திரையில் நிஜமில்லாத விமானங்கள் வருமாம். மழை, மூடுபனி, எஞ்சின் கோளாறு எல்லாம் அதிலேயே வருமாம். தப்பெல்லாம் அங்கேயே செய்து, திருத்திக்கொண்டு, அப்புறம்தான் நிஜ விமானத்தோடு பேச விடுவார்களாம். வேலைக்குப் போன பிறகும் அவ்வப்போது கண்ணையும் காதையும் சோதிப்பார்களாம். மகள் போனில் சொல்லச் சொல்ல, பாக்கியலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

பயிற்சி முடிந்து முதல் முதலாக விமான நிலைய டவரில் உட்கார்ந்த அன்றைக்கு, செந்தமிழ் சொன்ன வார்த்தையைக் கேட்டு ஒரு விமானம் இறங்கியது. அந்தச் சேதி வந்ததும் பாக்கியலட்சுமி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேராகப் பாவாடை கடைக்குப் போனாள். ஆம்ப்ளிஃபயர் தானாக எரிந்தது என்று அவள் நம்பவே இல்லை.

"நீதான் வேணும்னே நிறுத்தினன்னு எனக்குத் தெரியும் பாவாடை. உன்னை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

பாவாடை பொட்டலத்தை வாங்கவில்லை.

"செட்டு நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா இது எனக்குச் சேர வேண்டியது இல்ல. 'அவங்க வீட்டுக்காக நான் நிறுத்தச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத, நாளைக்கு ஒருத்தனும் என் பேச்சைக் கேக்க மாட்டான்'னு சத்தியம் வாங்கிட்டாரு."

"யாருப்பா?"

"நீ அழுதுகிட்டுப் போனதுமே வந்தாருக்கா, பக்தவச்சலம் அண்ணன். 'ஒயரைப் புடுங்கிட்டு எரிஞ்சுபோச்சுன்னு சொல்லுடா. ஊரு என்னைத் திட்டினா திட்டட்டும். வானத்தையே கேக்கப்போற காதுடா அது'ன்னாரு."