யாரும் உட்காராத நாற்காலி

ஜிம்மா சந்தைக்குப் போகிற வழியில் காபி கேட்டு வீட்டுக்குள் நுழைந்த கிழவர், ஒரே மரத்தில் குடைந்த மூன்று கால் நாற்காலியில் உட்காரப் போனதும் மெகர்சா பதறினான்.

"அது வேணாம் பெரியவரே! இப்படி என்கூடத் தோல் விரிப்புல உட்காருங்க."

"வீட்டுத் தலைவன் நாற்காலிதானே? உன்னோடதா?"

"நானே உட்கார்றதில்ல. மாமனாருக்குன்னு செதுக்கினேன்."

"தவறிட்டாரா?"

"வாயைக் கழுவுங்க! குத்துக்கல்லாட்டம் இருக்கார். பொண்ணு என்னோட ஓடி வந்துட்டாள்னு கோபம். இதுவரைக்கும் எங்க வாசலை மிதிக்கல. அவ என்னடான்னா, என்னைக்காவது வருவார்னு தினமும் முதல் காபியை இந்த நாற்காலி முன்னாடிதான் வைக்கிறா."

கிழவர் எழுந்தார். மெகர்சாவின் கையைப் பிடித்து இழுத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"வீட்டுத் தலைவன் தரையில உட்காரலாமா, மாப்ளே?"

அவர் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என் பொண்ணு லெலிசே எங்கே?"