மாட்டுக் காது

கரியாலூரில் மாதன் வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள் பகல் மூன்று மணிக்கே மூடுபனி நுழைந்துவிட்டது. செவலைப் பசு படுத்தபடி முக்குகிறது. தண்ணிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்றின் ஒற்றைக் குளம்புதான் வெளியே தெரிகிறது; இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. வெள்ளிமலையிலிருந்து கிளம்பிய மாட்டு டாக்டரை இன்னும் காணோம். மாதனின் மகள் மீனா வாசலில் நின்று பாதையையே பார்க்கிறாள். நாளைக்குக் கல்லூரியில் கொடுக்க வேண்டிய நோட்டு அவள் கக்கத்தில். பழைய எகிப்தியச் சொற்களின் பிறப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள், பசு அலறியதும் அப்படியே ஓடிவந்தாள். பாதியில் நிற்கும் பக்கத்தில் ஒரு மாட்டுக் காது வரைந்திருக்கிறது. கேட்பது என்ற சொல்லை அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் எழுதினார்களாம். மனுசக் காதை விட்டுவிட்டு மாட்டுக் காதை எதற்குப் போட்டார்கள்? அதற்குக் கீழே அவளால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

“டாக்டருக்குப் போன் போட்டியா?” என்கிறார் மாதன், பசுவின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல்.

“டவரே இல்லப்பா.”

முக்கல் ஓய்கிறது. மீனா பசுவின் தலைமாட்டுக்கு ஓடிவருகிறாள். கண் செருகிக் கிடக்கும் பசுவின் இடது காது மட்டும் மெல்ல எழுந்து, மலைப்பாதைப் பக்கம் திரும்பி, அப்படியே நிற்கிறது. மாதன் துள்ளி எழுகிறார்.

“ஜீப்பு வந்துக்கினு கீது. வெந்நி எடுத்தா!”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியேப்பா.”

“உனக்கெங்க கேக்கும்? ஓடு!”

அடுப்பிலிருந்து வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பும்போதுதான், எங்கோ ஒரு வளைவில், ஜீப்பின் ஹாரன் மெல்லக் கேட்கிறது.